முதலில் பார்க்கும் வைத்தியருக்கே முதற்கல்வி

ஒருவரின் நோயெதிர்ப்பு ஆற்றல் அவருடைய மூளையையே தாக்குவதால் உண்டாகும் தன்னெதிர்ப்பு மூளையழற்சி, வலிப்புக்கும் திடீர் மனக்குழப்பத்துக்கும் காரணமாகலாம் என்பது மருத்துவ உலகுக்கு அண்மைக்காலத்தில் தெளிவான உண்மையாகும். இவ்வகையில் நன்கறியப்பட்ட என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளையழற்சியை, அதாவது நரம்புக்கலங்களிடையே செய்தி கடத்த உதவும் ஏற்பிகளைப் பிறபொருளெதிரிகள் செயலிழக்கச் செய்யும் நோயை, யோசப் டல்மாவ் குழுவினர் 2007ஆம் ஆண்டில்தான் விளக்கினர்; ஆகவே, அதற்கு முன் பட்டம் பெற்ற வைத்தியர் எவரும் இதனை மருத்துவ பீடத்தில் கற்றிருக்க முடியாது என்பதும், தொடர் மருத்துவக் கல்வி ஒன்றே அக்குறையை நிரப்பும் என்பதும் வெளிப்படை.

இக்கல்வி யாரை முதலில் சென்றடைய வேண்டும் என்பதே இலங்கையின் மலையகத்தைப் பொறுத்தவரை தலையாய கேள்வி. என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளையழற்சி கொண்ட 577 நோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், தொடர்ந்து கண்காணிக்கப்பட்டோரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் 24 மாதங்களில் நல்ல நிலையை எட்டியிருந்தனர் என்பதோடு, சிகிச்சை விரைவாகத் தொடங்கப்பட்டவர்களே கூடுதலாக நலம் பெற்றனர் என்பதும் உறுதியாயிற்று. அவ்விரைவு, நோயாளரை முதலில் பார்ப்பவரின் ஐயத்தைச் சார்ந்தது. நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டங்களில் அவர் பெரும்பாலும் தோட்ட வைத்திய உதவியாளராகவோ, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு வைத்தியராகவோ இருப்பார்.

இந்நோய் பெரும்பாலும் இளம்பெண்களிடம், உறக்கமின்மை, அச்சம், தொடர்பற்ற பேச்சு என்று தொடங்கி, சில நாட்களிலோ வாரங்களிலோ வலிப்பாகவும், வாய், கைகளின் விசித்திர அசைவுகளாகவும், பேச்சிழப்பாகவும் முற்றுகிறது. தோட்டத்து லயன் வீட்டார் அதனைப் பேய்க்கோளாறு என்று கருதிப் பேயோட்டும் கோடாங்கியை நாடுவதை அறியாமை என்று பழிப்பது நியாயமாகாது. ஏனெனில், அதே அறிகுறிகள் மருத்துவம் கற்றவர்களையும் மனநோய் என்ற முடிவுக்கு இட்டுச்சென்று, அங்கொடை மனநல வைத்தியசாலையை நோக்கித் திருப்பிவிடக்கூடியவை.

ஆகவே பயிற்சி, சிறிய வைத்தியசாலையிலும் செய்யக்கூடியவற்றிலிருந்து தொடங்க வேண்டும். முன்னர் மனநோய் இல்லாத ஒருவரிடம் சில வாரங்களுக்குள் மனக்குழப்பமும் வலிப்பும் சேர்ந்து தோன்றினால் மூளையழற்சியை ஐயுற வேண்டும். ஹேர்பீஸ் தொற்று விலக்கப்படும்வரை அசைக்ளோவிர் மருந்தை நிறுத்தக்கூடாது. இளம்பெண்ணாயின் இந்நோயைத் தூண்டக்கூடிய சூலகக் கட்டியைத் தேடி அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்ய வேண்டும். முதியவரின் முகமும் ஒருபக்கக் கையும் நாளில் பலமுறை நொடிப்பொழுது வெட்டியிழுத்தால், எல்.ஜி.ஐ.1 எனும் புரதத்தைத் தாக்கும் மற்றொரு பிறபொருளெதிரியை நினைத்து இரத்தச் சோடியத்தின் அளவைப் பார்க்க வேண்டும். பிறபொருளெதிரிப் பரிசோதனையின் முடிவு வரும்வரை காத்திராமல், மருத்துவ அறிகுறிகள், மூளை மின்னலை வரைபு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளை முண்ணாண் பாய்பொருள் ஆகியவற்றைக் கொண்டே ஸ்டீரொய்ட் முதலிய சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது 2016இல் நரம்பியல் நிபுணர்கள் இணைந்து வகுத்த நெறியின் சாரமாகும்.

இவற்றுள் எதுவும் நோயின் வரலாற்றைச் சரியாகக் கேட்காமல் பயன் தராது. எது முதலில் மாறியது, உறக்கமா, பேச்சா, நடத்தையா என்ற வரிசையிலேயே நோய் அடையாளம் காணப்படுவதால், சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வைத்தியரிடம் தமிழ்த் தாயொருவர் சொல்லும் விவரம் இடையில் சுருங்கிப்போனால், ஸ்கேன் இயந்திரம் அவ்விழப்பை ஈடுசெய்யாது. வீட்டாரிடம் கேட்க வேண்டியவற்றைத் தோட்ட மக்களின் பேச்சுத் தமிழில் தொகுத்து வழங்குவதும் வைத்தியக் கல்வியின் பகுதியே.

கொழும்பில் நடைபெறும் மாநாடுகள் இத்தேவையை நிறைவேற்றா. விடுமுறையும் பயணமும் வாய்க்கும் வைத்தியர்களே அங்கு செல்கின்றனர். நுவரெலியாவிலும் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலும், கண்டி நரம்பியல் நிபுணர்களைக் காணொளி வழியே இணைத்து மாதந்தோறும் நோயாளர் ஆய்வமர்வு நடத்தி, தோட்ட வைத்திய உதவியாளர்களையும் அதில் அமர்த்தி, அந்நேரத்தைக் கடமை நேரமாக ஏற்பது சுகாதார அமைச்சுக்கு இயலாத செயலன்று. வலிப்பு உள்ளிட்ட நரம்பியல் நோய்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள 2022–2031 செயற்றிட்டத்தைத் தோட்டப் பகுதிகளில் நிறைவேற்றும் நேரிய வழியும் அதுவே. அக்கல்வியின் வெற்றியை வழங்கப்பட்ட சான்றிதழ்களின் எண்ணிக்கையால் அளவிடலாகாது. முதல் அறிகுறி தோன்றிய நாளுக்கும் முதல் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் ஆண்டுதோறும் குறைகிறதா என்பதைக் கொண்டே அளவிட வேண்டும்.