மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க!



நம்ம திருவல்லிக்கேணியில் பைக் ரிப்பேர் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆளே கிடையாது. "பேட்டரி வீக்குப்பா", "செட்டு டூப்ளிகேட்", "வயரிங் பூரா மாத்தணும்" என்று, வண்டியைத் தொடுவதற்கு முன்னாடியே தீர்ப்பு வந்துவிடும். என் கருத்து இதுதான்: மாத்திப் பார்ப்பது ரிப்பேர் ஆகாது. அளந்து பார்ப்பதுதான் ரிப்பேர். அந்த அளக்கிற வித்தை நம்ம அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. நாம்தான் அதைப் பரீட்சைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்!

சும்மா சொல்லவில்லை, ஒரு உதாரணம் தருகிறேன். என் சித்தப்பா 100 சிசி பைக்கில் அப்பளம், வடகம், மோர்மிளகாய் விற்கிறார். பெரிய தெரு முதல் ராயப்பேட்டை வரை அவர் ரவுண்டு. கூவிக் கூவித் தொண்டை போனதால் வண்டியில் ஒரு ஸ்டீரியோ செட்டும் 2 ஸ்பீக்கரும் மாட்டினார். பதிவு செய்த குரல் கூப்பிடும், வீட்டுக்காரர்கள் வெளியே வருவார்கள். செட்டு பாடாத நாளில் பாதிச் சரக்கு திரும்பி வந்துவிடும். அவருக்கு அது ஆடம்பரம் இல்லை, பிழைப்பு.

அந்தச் செட்டுக்கு 3 வியாதி. திங்கட்கிழமை காலையில் செல்ஃப் ஸ்டார்ட் எடுக்காது. ஹாரன் அடித்தால் செட்டு அணைந்து அணைந்து எரியும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் சில சமயம் ஃபியூஸ் போய்விடும். ஒரு கடையில் 4 மாதத்தில் 2 பேட்டரி மாற்றினார்கள். வியாதி போகவில்லை. மூன்றாவது தடவை, "ஃபியூஸ்தான் சார் தொல்லை" என்று சொல்லி, ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி அனுப்பிவிட்டார்கள்!

நண்பர்களே, இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஃபியூஸ் தொல்லை கொடுப்பதற்காக வைத்த பொருளா? எங்கேயோ தவறு நடக்கிறது என்று தன் உயிரைக் கொடுத்துச் சொல்கிற காவல்காரன் அது. ஜூல் விதி என்ன சொல்கிறது? மின்னோட்டம் 2 மடங்கானால் வெப்பம் 4 மடங்காகும். ஃபியூஸ் இல்லாவிட்டால் அந்த வெப்பம் முழுவதும் வயரில்தான் ஏறும். அந்த வயர் எங்கே ஓடுகிறது? பெட்ரோல் டேங்குக்கு அடியில்! காவல்காரனைத் துரத்திவிட்டால் திருடன் போய்விடுவானா?

ஐ.டி.ஐ. படிக்கிற என் பெரியப்பா மகன் ஒரு மல்டிமீட்டரோடு வந்தான். அவன் முதலில் கேட்ட கேள்வி, "எதை மாத்தணும்?" என்பது அல்ல. "எப்பெப்போ வருது?" என்பதுதான். பாதி ரிப்பேர் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது.

முதலில் சார்ஜிங். 12 வோல்ட் பேட்டரி நல்ல நிலையில், வண்டி ஓடாமல் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இன்ஜினை முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜிங்கில் கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். சித்தப்பா வண்டியில் 14.1 காட்டியது. அப்படியானால் 2 பேட்டரி மாற்றியது எதற்கு? காசுக்குப் பிடித்த கேடு!

அடுத்தது திங்கட்கிழமை மர்மம். இந்த மாதிரிச் செட்டில் பெரும்பாலும் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியில் இருக்கும், சிவப்பு வயர் சாவியோடு சேர வேண்டும், கருப்பு வயர் எர்த். இங்கே மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தார்கள். சாவியை எடுத்த பிறகும் செட்டு 60 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருந்தது. "இத்துனூண்டு கரண்டா பேட்டரியைச் சாப்பிடும்?" என்று நானும் கேட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். சனி மாலை முதல் திங்கள் காலை வரை 36 மணி நேரம். 0.06 ஆம்பியரை 36-ஆல் பெருக்கினால் 2.16 ஆம்பியர் அவர். அந்தப் பேட்டரியின் கொள்ளளவே 3 ஆம்பியர் அவர்தான்! ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டது சித்தப்பா மட்டும்தான், செட்டு விடவில்லை. சிவப்பு வயரைச் சாவி லைனுக்கு மாற்றியதும் 60 என்பது 2 ஆகக் குறைந்தது.

மூன்றாவது ஹாரன் விஷயம். செட்டைச் சத்தமாகப் பாடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைச் செட்டின் கருப்பு வயரிலும் வைத்தான். கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 1.8 வோல்ட்! 3 ஆம்பியர் ஓடும்போது 1.8 வோல்ட் இழப்பு என்றால், ஓம் விதிப்படி தடை 0.6 ஓம். பெயிண்ட் மேலேயே போல்ட்டை முறுக்கி எர்த் கொடுத்திருந்தார்கள். மெரினா காற்றின் உப்பு வேறு சேர்ந்து பச்சையாகப் பூத்திருந்தது. ஏற்கனவே பட்டினி கிடந்த செட்டு, ஹாரன் அடித்து வோல்ட்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கியதும் மயங்கி விழுந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினோம். 0.1 ஆயிற்று. செலவு? ஒரு உப்புத்தாள்.

கடைசியில் ஃபியூஸ். ஹேண்டில் கழுத்தில் வயர் உரசி உரசித் தோல் போயிருந்தது. திருப்பும்போது இரும்பில் பட்டு ஷார்ட். வயரைப் புதுசாக்கி, உறை போட்டு, பேட்டரி பக்கத்திலேயே சரியான அளவு ஃபியூஸ் மாட்டினோம். அதற்குப் பிறகு அது போகவே இல்லை.

"மெக்கானிக்குக்கு 10 வண்டி காத்திருக்கும், அளந்துகொண்டிருக்க நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இத்தனை அளவும் எடுக்க எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதே வண்டி 3 தடவை திரும்பி வந்ததே, அந்த நேரம் யார் கணக்கு? மேலும், ஏப்ரல் 2017 முதல் வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. செட்டுக்கு மிஞ்சுகிற மின்சாரமே கொஞ்சம். கணக்குப் பார்க்காமல் மாட்டினால் எந்தப் பேட்டரி தாங்கும்?

"செட்டே வேண்டாமே, சத்தம் தாங்கலை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளி, ஆஸ்பத்திரியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். கோஷா ஆஸ்பத்திரி பக்கம் போகும்போது சித்தப்பா செட்டை அணைத்துவிடுவார். மற்ற பைக் மன்னர்களும் அதைக் கடைப்பிடித்தால் நல்லது!

இப்போது ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள். ஓம் விதியை நாங்கள் 10-ஆம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். ஆனால் மல்டிமீட்டரைக் கையில் பிடித்தவர் எத்தனை பேர்? ரிச்சி ஸ்ட்ரீட் நமக்கு நடந்து போகிற தூரம். சாதாரண மீட்டர் சில நூறு ரூபாய்தான். நாலு பேருக்கு ஒன்று என்று வாங்கி, பழைய பேட்டரியையும் துருப்பிடித்த போல்ட்டையும் ஆய்வகத்தில் வைத்து அளக்கவிடுங்கள். கரண்ட் அளக்கிற நிலையில் மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நேராக வைக்கக் கூடாது என்பதையும், அந்த நிலையில் செல்ஃப் அடிக்கக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிக்கொடுங்கள்.

நண்பர்களே! உங்கள் வீட்டு வண்டியில் யாராவது ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றியிருக்கிறார்களா? இன்று சாயங்காலமே சீட்டைத் தூக்கிப் பாருங்கள். இருந்தால் உடனே கழற்றச் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம், பேட்டரி வீக்கா இல்லையா என்று!

– பதினோராம் வகுப்பு மாணவன்