விலையேற்றத்தின் சுமை யாருடையது?

சம்பளத்தை உயர்த்தினால் விலைகளும் உயரும் என்பது இலங்கையில் ஆட்சிகள் மாறினும் மாறாத வாதமாகும். எழுதுவினைஞரும் ஆசிரியரும் தாதியரும் வேதன உயர்வு கோரும்போதெல்லாம் இவ்வாதமே அவர்கள்முன் வைக்கப்படுகின்றது. வரலாறோ இதற்கு மாறான சான்றினைத் தருகின்றது.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979 இல் பங்கீட்டு அரிசியின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. முத்திரையில் அச்சிடப்பட்ட தொகை மாறாதிருக்க, கடையில் விலை மட்டும் ஏறியது. 1980 இல் பணவீக்கம் 26 வீதத்தை எட்டிற்று. அவ்வாண்டு யூலையில், மாதம் 300 ரூபா உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தோருள் பல்லாயிரவர் வேலை இழந்தனர். விலையேற்றமே முந்தியது, கோரிக்கை அதன்பின் வந்தது.

2022 இன் நெருக்கடியும் இவ்வாறே எழுந்தது. 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. அரச வருமானம் சரிய, பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது. 2021 இன் இரசாயன உர இறக்குமதித் தடை விளைச்சலைக் கெடுத்தது. 2022 மார்ச்சு முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவிற்கு ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாயிற்று, ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கியதற்கு 170 ரூபா வேண்டியதாயிற்று. இவற்றுள் எதனை ஆசிரியரின் சம்பளம் விளைவித்தது? அவ்வாண்டின் தொடக்கத்தில் அரச ஊழியர் பெற்ற 5,000 ரூபாக் கொடுப்பனவு இவ்வெள்ளத்தில் ஒரு துரும்பே.

நோயை உண்டாக்காதவரே மருந்திற்கும் பணம் செலுத்த நேர்ந்தது. 2023 சனவரி முதல், மாதம் 100,000 ரூபாவிற்கு மேற்பட்ட வருமானத்தின்மீது 36 வீதம் வரை உயரும் வரி விதிக்கப்பட்டது; அவ்வெல்லை 150,000 ஆக உயர 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோடீசுவரரும் எழுதுவினைஞரும் ஒரே வீதத்தில் செலுத்தும் பெறுமதி சேர் வரி 2024 இல் 18 வீதமாயிற்று. 2023 இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் திறைசேரி முறிகள் விலக்கப்பட்டன; ஊழியர் சேமலாப நிதியின் திறைசேரி முறிகளோ குறைந்த வட்டியுடைய நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன.

பணவீக்கம் தணிந்துவிட்டதெனச் சிலர் ஆறுதல் கூறுவர். தணிந்தது விலை ஏறும் வேகமேயன்றி, ஏறிய விலை அன்று. 2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆக்கியது. ஆயின் அந்த 15,750 ரூபாவில் 7,500 ஏற்கெனவே வழங்கப்பட்ட கொடுப்பனவுகளே. எஞ்சிய 8,250 ரூபாவும் 2027 வரை மூன்று கட்டங்களாகவே வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. 2022 இல் ஒரே ஆண்டில் பாய்ந்த விலையை வேதனம் இவ்வாறு தவழ்ந்து எட்டிப்பிடிக்குமா?

ஆகவே, அடிப்படை வேதனம் விலைச் சுட்டெண்ணுடன் சட்டத்தினால் பிணைக்கப்படல் வேண்டும். இக்கோரிக்கையை மத்தியதர வர்க்கம் தனித்து நின்று வென்றெடுக்க இயலாது. தொழிலாளரினின்றும் தான் வேறானதென அது கொண்டுள்ள மயக்கமே ஆட்சியாளருக்கு வாய்ப்பாக அமைகின்றது. தனியார் நிறுவன எழுதுவினைஞரின் சேமிப்பும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் சேமிப்பும் ஒரே சேமலாப நிதியிலேயே கிடக்கின்றன. 2023 இல் அந்நிதியின் முறிகளுக்கான வட்டியைக் குறைத்தவர்கள் இருவரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.