நரிக்கொம்பு வாங்கிய என் மாணவனுக்கு



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் கிரகப்பிரவேசப் படங்கள் அனுப்பினான். பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் மயிரோடு ஒரு சின்னக் கொம்பு. "நரிக்கொம்பு டீச்சர், மூவாயிரம் ரூபாய். வீட்டுக்கு ராசி" என்றான். எஞ்சினியரிங் படித்தவன். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும்.

தம்பி, நரி நாய்க் குடும்பம். நாய்க்குக் கொம்பு முளைத்துப் பார்த்திருக்கிறாயா? எலும்பையோ நகத்தையோ தோலில் பொதிந்து உன் தலையில் கட்டியிருக்கிறார்கள். அது நாய்த்தோல் என்றால் நீ ஏமாந்தாய். நரித்தோல் என்றால் உன் மூவாயிரத்துக்காக ஒரு உயிர் போயிருக்கிறது. 2021இல் திருச்சி ஜீயபுரம் பக்கம் இறைச்சிக்குள் நாட்டு வெடி வைத்து ஒரு நரியைக் கொன்றதாக 12 பேரைக் கைது செய்தார்கள். பிடிபட்டவர்கள் ஏழைகள். வாங்குகிற படித்தவர்களை யார் பிடிப்பது?

வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தப்படி நரி, புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 25,000 ரூபாய் அபராதம். அதன் தோலையோ பல்லையோ வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தான்.

"நரி கோழியைத் தூக்குதே அத்தை" என்று உறவுக்காரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தூக்கும்தான். ராத்திரி கோழிக்கூட்டை மூடிவையுங்கள். நம் வயலில் நெல்லைக் கடிக்கும் எலியையும், வரப்பைத் துளைக்கும் நண்டையும் அது தின்பதற்கு யாராவது கூலி கொடுத்தோமா?

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நெடுங்காடு பக்கம் அறுவடை முடிந்த ராத்திரிகளில் ஊளைச் சத்தம் கேட்டுத்தான் தூங்குவோம். வாய்க்கால் கரையும் இடுகாட்டுப் புதரும் அதற்கு வீடு. அதையெல்லாம் இப்போது மனை போட்டுவிட்டோம். கோடியக்கரைச் சரணாலயத்தில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். நரி காட்டை நம்பி மட்டும் இருப்பதில்லை, நம் வயலையும் நம்பி வாழ்கிற பிராணி.

என் மேலும் தப்பு உண்டு. முப்பது வருஷம் வகுப்பில் வடை கதை சொல்லி நரியைத் தந்திரக்காரன் ஆக்கியவள் நான். அது எலி தின்னும் என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன், தாமதமானாலும் கேளுங்கள்.

நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள். விழிக்க வேண்டுமானால் அது உயிரோடு இருக்க வேண்டும். தம்பி, அந்தக் கொம்பை வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டு எனக்குப் போன் செய். உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன்.