ரிஃபார்மர் வகுப்பில் முதல் நாள்: நடுங்கினால் நடுங்கட்டும்

ரிஃபார்மர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குச் சீர்திருத்தவாதிகள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களோடு நமக்கிருக்கும் கணக்கை வேறொரு நாள் பார்த்துக்கொள்வோம். இங்கே நாம் பேசுவது கட்டில் போலிருக்கும் ஓர் உடற்பயிற்சிக் கருவியைப் பற்றி. பிலாட்டீஸ் பயிற்சி நிலையங்களின் படங்களை இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள்: கண்ணாடிக் கதவு, வெள்ளைச் சுவர், வரிசையாக மரச்சட்டக் கருவிகள், அவற்றின் மேல் ஒரே அச்சில் வார்த்தது போன்ற உடல்கள். மாணவத் தோழர்கள் சிலர் இந்த வகுப்புக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: நம்மைப் போன்றவர்கள் அங்கே போகலாமா?

போகலாம். இந்தப் பயிற்சி எங்கே வளர்ந்தது என்று தெரிந்தால் தயக்கம் பாதி கரையும். 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், முதல் உலகப் போர் வெடித்தபோது இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக ‘எதிரி நாட்டவர்’ என்று முத்திரை குத்தி பிரிட்டிஷ் அரசு அவரை அடைத்தது. முதலில் லங்காஸ்டர், பிறகு மான் தீவின் நாக்கலோ முகாம். 20,000க்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள் கிடந்த முகாம் அது. தன் பயிற்சி முறையை அவர் அங்கேதான் வளர்த்தெடுத்தார். நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங்குகளைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார், அதிலிருந்தே ரிஃபார்மர் பிறந்தது என்று பயிற்சி நிலையங்களில் சொல்வார்கள். அதைக் கதையாகவே எடுத்துக்கொள்ளலாம். 1926வாக்கில் நியூயார்க் போய் எட்டாவது அவென்யூவில் கூடம் அமைத்தார். காயம்பட்ட நடனக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். முள்வேலிக்குள் வளர்ந்த ஒன்று இன்று செல்வந்தர்களின் அடையாளமாக விற்கப்படுவது சந்தையின் வேலை. அதற்காக நாம் ஏன் ஒதுங்க வேண்டும்?

வகுப்பு தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். ஒரு படிவம் தருவார்கள். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடாதீர்கள். முதுகுவலி, பழைய எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, கர்ப்பம், ரத்த அழுத்தம் எதுவானாலும் எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதுகை முன்பக்கம் சுருட்டும் அசைவுகளைத் தவிர்க்க வேண்டும். ஆசிரியருக்குத் தெரிந்தால்தானே மாற்றுப் பயிற்சி கொடுப்பார்? உடைக்குப் பிராண்ட் வேண்டாம். வாரிலோ ஸ்பிரிங்கிலோ சிக்காத, உடலோடு ஒட்டிய பனியனும் பேன்ட்டும் போதும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறையைப் பெரும்பாலான இடங்களில் கேட்பார்கள். அது வழுக்காமல் இருப்பதற்கு, அழகுக்கு இல்லை.

கருவியைப் பார்த்து மிரள வேண்டாம். நீளமான ஒரு சட்டம், அதற்குள் தண்டவாளம் போன்ற பாதையில் முன்னும் பின்னும் ஓடும் மெத்தைப் பலகை. பலகையைச் சட்டத்தோடு இழுத்துப் பிடிக்க நான்கைந்து ஸ்பிரிங்குகள். ஒரு முனையில் கால் ஊன்றும் கம்பி, மறுமுனையில் கைகால்களை மாட்ட வார்கள், நடுவே தோள் முட்டுகள். மோட்டார் கிடையாது. நீங்கள் தள்ளினால் ஓடும், விட்டால் ஸ்பிரிங் இழுக்கும். பெரும்பாலும் மல்லாந்து படுத்துத்தான் தொடங்குவீர்கள். பாதத்தைக் கம்பியில் வைத்துப் பலகையைத் தள்ளி, மெதுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முன்பாதம், குதிகால் என்று ஊன்றும் இடம் மாறும். பிறகு வாரில் கால்களை மாட்டி வட்டம் போடுவது, இடுப்பைத் தூக்குவது, மண்டியிட்டு இழுப்பது. ‘ஹண்ட்ரட்’ என்ற பயிற்சியில் ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஐந்து எண்ணிக்கைக்கு விட்டு, நூறு முறை கைகளை அசைப்பீர்கள். எதைச் செய்தாலும் மூச்சை அடக்காதீர்கள். மூக்கால் இழுத்து விலா எலும்புகளை விரித்து, வாயால் விடச் சொல்வார்கள். முதல் நாளில் மூச்சும் அசைவும் சேராது. யாருக்குமே சேராது.

கனமான ஸ்பிரிங் கடினம், லேசானது எளிது என்று நினைத்துக்கொண்டு போவோம். பல அசைவுகளில் இது தலைகீழ். ஸ்பிரிங் லேசானால் பலகையை நிறுத்திப் பிடிக்கும் வேலை உங்கள் வயிற்றுக்கும் இடுப்புக்கும் வந்துவிடும். அப்போது கால் நடுங்கும். பக்கத்துக் கருவியில் இருப்பவர் அசையாமல் நிற்பார். அவர் எத்தனை மாதமாக வருகிறாரோ! நடுக்கம் தசை களைப்பதன் அடையாளம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூட்டிலோ கழுத்திலோ முதுகிலோ குத்தும் வலி வந்தால் மட்டும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ‘இன்னும் இரண்டுதான்’ என்று ஆசிரியர் எண்ணிக்கொண்டிருந்தாலும் நிறுத்துங்கள். வலியைத் தாங்குவதே வீரம் என்று ஊர்வலங்களிலும் உண்ணாவிரதங்களிலும் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை இங்கே வாசலில் விட்டுவிட வேண்டும்.

பாதுகாப்பு விதிகள் கொஞ்சம்தான். பலகை முழுவதும் மூடிய நிலைக்கு வந்த பிறகே ஸ்பிரிங்கை மாற்றுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கம்பியையோ சட்டத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். பலகை இழுபட்டு நிற்கும்போது காலைச் சட்டென்று எடுக்காதீர்கள், அடித்துக்கொண்டு திரும்பும். ஸ்பிரிங்கின் நிறத்தை மனப்பாடம் செய்வதிலும் பயனில்லை. ஒரு நிறுவனத்தின் சிவப்பு இன்னொரு நிறுவனத்தின் சிவப்பாக இருக்காது.

ஆசிரியர்கள் தொட்டுத் திருத்துவது உண்டு. இடுப்பைச் சரிசெய்வார்கள், தோளை அழுத்துவார்கள். தீண்டலுக்கும் தீண்டாமைக்கும் நம் வரலாற்றில் என்ன பொருள் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே இதில் தெளிவாக இருப்போம்: நல்ல ஆசிரியர் தொடும் முன் கேட்பார். ‘தொடாமல் சொல்லிக் கொடுங்கள்’ என்று வகுப்புக்கு முன்பே சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எல்லோரையும் திருத்திவிட்டு உங்களிடம் மட்டும் வராமல் போனால், அதையும் வாய்விட்டுக் கேளுங்கள். கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதானே?

ஆசிரியர் எங்கே, எவ்வளவு காலம் பயின்றார் என்றும் கேட்கலாம். ‘பிலாட்டீஸ்’ என்பது பொதுச்சொல், யாருக்கும் வணிக உரிமை கிடையாது என்று 2000இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் சொத்தாக இருந்த சொல் பொதுவுக்கு வந்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்பது அதன் மறுபக்கம். முழுமையான ஆசிரியர் பயிற்சிக்கு 450 மணி நேரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. வார இறுதியில் வாங்கிய சான்றிதழும் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும்.

முதல் வகுப்பு முடிந்து வியர்வை காய்வதற்குள் பத்து வகுப்பு, இருபது வகுப்பு என்று சலுகைத் தொகுப்பை நீட்டுவார்கள். ‘இன்று மட்டும்’ என்பார்கள். அன்று கையெழுத்துப் போடாதீர்கள். உடல் வலி ஓரிரு நாள் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். அது தணிந்த பிறகு முடிவெடுங்கள். எடை குறையும், உடல் ‘நீளமாகும்’ என்ற விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். எலும்பை எந்த ஸ்பிரிங்கும் நீட்டாது. நாள்பட்ட கீழ்முதுகு வலி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, பிலாட்டீஸ் ஓரளவு உதவக்கூடும் என்றது. மற்ற உடற்பயிற்சிகளைவிட அது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் சொன்னது. மாதக் கட்டணத்தைக் கேட்கும்போது இந்த இரண்டாம் பாதி நினைவிருக்கட்டும்.

கட்டணம் கட்டுப்படியாகவில்லையா? பிலாட்டீஸ் 1945இல் வெளியிட்ட நூலில் 34 பயிற்சிகள் இருக்கின்றன. அத்தனையும் தரையில் செய்பவை, கருவியே தேவையில்லை. கழுத்தையும் இடுப்பையும் எப்படி வைப்பது என்று ஒரு நல்ல ஆசிரியரிடம் இரண்டு மூன்று வகுப்புகளில் கற்றுக்கொண்டு வாருங்கள். அதன்பிறகு விடுதி அறையில் மடித்துப் போட்ட ஒரு ஜமுக்காளம் போதும்.