பாட்டுக்கு முதல் எழுத்து

சென்ற திங்கள் நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்திற்கு வந்திருந்த அன்பர்கள், இறுதியில் நடைபெற்ற பாட்டுப் போட்டியை மறந்திருக்க மாட்டார்கள். சிறுவர் சிறுமியர் இரண்டு அணிகளாக அமர்ந்தனர். ஓர் அணி பாடி நிறுத்திய இடத்திலிருந்து எழுத்தை எடுத்துக்கொண்டு மறு அணி தொடங்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் பாட்டு வராவிடின் தோல்வி. அன்று தோற்ற அணியில் என் மகளும் ஒருத்தி. விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் இயல்பே. ஆயினும் அவள் தோற்ற விதம் என் நெஞ்சில் தைத்துவிட்டது. ஆகவே இத்திங்கள் அதனைப் பற்றியே எழுதலானேன்.

அந்தாட்சரி என்று வடநாட்டார் வழங்கும் இவ்வாட்டம் நமக்கும் பழகியதே. இலங்கை வானொலியில் திரு. பி. எச். அப்துல் ஹமீது அவர்கள் 'பாட்டுக்குப் பாட்டு' என்னும் பெயரால் இதனை நடத்தியதையும், பின்னர் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் நடத்தியதையும் நம்மிற் பலர் அறிவோம். அதற்கும் நெடுங்காலம் முன்பே, ஒரு பாடலின் முடிவை அடுத்த பாடலின் தொடக்கமாக்கும் வழக்கம் தமிழில் இருந்தது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அவ்வாறு தொடுக்கப்பட்டதே. காரைக்கால் அம்மையாரும் பொய்கையாழ்வாரும் அந்தாதி பாடினர். அபிராமி பட்டரின் நூறு பாடல்கள் இன்றும் வீடுதோறும் ஓதப்படுகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லா எழுத்தும் தமிழில் சொல்லுக்கு முதலில் வாரா. பன்னிரண்டு உயிர்களோடு, க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் பத்து மெய்களின் வரிசைகளே முதலில் வருவன என்பது நன்னூல் விதி. மெய்யில் முடியும் சொற்களின் இறுதியிலோ பெரும்பாலும் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் ஆகியவையே நிற்கின்றன. இவ்வெட்டில் மகரமும் யகரமும் தவிர மற்றவை தமிழ்ச் சொல்லைத் தொடங்கி வைக்கா. அப்படியாயின் 'கடல்' என்று ஒருவன் முடித்தால் அடுத்தவன் எதனைப் பாடுவான்? முன்னோர் இதனை அறிந்தே, எழுத்து ஒன்றால் மட்டுமன்றி அசையாலும், சீராலும், முழு அடியாலும் அந்தாதி தொடுக்கலாம் என்று வகுத்தனர். நம் சங்கத்திலும் 'பாட்டின் இறுதிச் சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எழுத்து' என்று விதி வைத்துக்கொண்டோம். 'கடல்' என்று முடிந்தால் 'க' என்று தொடங்க வேண்டியது, அவ்வளவே.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியர் 'சிரிதோரி' என்னும் சொற்சங்கிலி ஆட்டம் ஆடுவர். அவர்கள் மொழியில் 'ன்' என்னும் ஒலியில் தொடங்கும் சொல் இல்லையாதலால், அவ்வொலியில் முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றவராவார். பாடகரின் குரலை நீக்கி இசையை மட்டும் ஒலிக்கவிட்டுப் பாடும் கரோக்கி அந்நாட்டில் பிறந்தது. கோபே நகரத்து இனோவே தைசுகே என்பவர் 1971-இல் அதற்கொரு பெட்டி அமைத்தார். அந்தக் கரோக்கியையும் சிரிதோரியையும் இணைத்து, பாட்டின் முதல் ஒலி பார்த்துப் பாட்டைத் தேர்ந்து ஆடுவோரும் அங்குண்டு. அவர்களுக்கு ர, ரி, ரு வரிசை வந்தால் திண்டாட்டமாம். பழைய ஜப்பானியச் சொற்கள் ரகரத்தில் தொடங்குவதில்லை என்பதே காரணம். நாமும் இராமன், உரோமம் என்று முன்னால் ஓர் உயிரை வைத்து எழுதியவர்கள்தாமே! கடல் கடந்த நாட்டிலும் பிள்ளைகள் நம் பிள்ளைகளைப்போல் ரகரத்தில் தடுமாறுகிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

பாட்டைத் தேர்ந்து வைத்துக்கொள்ளும் முறை குறித்தும் இரண்டொரு சொல் கூறுவேன். க, ந, ம, வ எழுத்துகளில் திரைப்பாடல்கள் ஏராளம். கண், நான், மலர், வா என்று தொடங்குவன எத்தனை! அவற்றைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஈ, ஊ, ஐ, ஓ, யா, ஞா ஆகியவற்றில்தான் பஞ்சம். ஈரம், ஊஞ்சல், ஐயா, ஓடம், யார், ஞாயிறு என எழுத்துக்கு ஒரு பாட்டேனும் முன்கூட்டியே தேடிவைத்து, அவசியமின்றிச் செலவிடாமல் காக்க வேண்டும். தாம் பாடும் பாட்டையும், முடிந்தவரை இத்தகைய அரிய எழுத்தில் வந்து நிற்கும்படி நிறுத்தினால் எதிரணி திகைக்கும். 'ராஜா' என்று பாடுவது ரகரமா, இகரமா என்னும் வழக்குக்கு, பாடும்போது வாயில் எது வருகிறதோ அதுவே என்று தீர்ப்பளித்துவிடுவது நலம்.

இனி என் மகள் கதைக்கு வருகிறேன். அவளுக்குப் பதினோரு வயது. நஞ்சன்கூட்டிலேயே பிறந்தவள், கன்னடப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ்ப் பாட்டுகள் நூற்றுக்குமேல் மனப்பாடம். போட்டிக்கென்று ஒரு மாதமாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாட்டுகளை எழுத்து வரிசைப்படி எழுதி வைத்திருந்தாள். அன்று எதிரணி 'தேன்' என்று முடித்தது. தகரம் அவளுக்கு வந்தது. தகரப் பக்கத்தைப் புரட்டினாள்; அதிலிருந்தவை யாவும் முன்னரே பாடப்பட்டுவிட்டன. பத்து எண்ணி முடித்தார்கள். கைதட்டல் எதிர்ப்பக்கம் எழுந்தது.

வீட்டுக்கு வந்து அந்நோட்டைப் பார்த்தேன். தெய்வம், தேவி, தீபம் என்று தொடங்கும் பாட்டுகள் ஒன்பது இருந்தன. ஆனால் வேறொரு பக்கத்தில் இருந்தன. "இத்தனை இருக்க, ஏனம்மா பாடவில்லை?" என்று சற்றுக் கடிந்தே கேட்டேன்.

"அது வேற எழுத்தில்லையா அப்பா?" என்றாள் அவள்.

அப்பொழுதுதான் கவனித்தேன். நோட்டு முழுவதும் கன்னட எழுத்தில் இருந்தது. அவ்வெழுத்தில் 'தாய்' என்பதன் முதல் ஒலி ஒன்று, 'தெய்வம்' என்பதன் முதல் ஒலி மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம். நாம் ஒரே ககரத்தால் எழுதும் இடத்தில் கன்னடத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. தகரத்துக்கும் பகரத்துக்கும் அவ்வாறே. குழந்தை தான் கற்ற எழுத்துக்கு உண்மையாகவே நடந்திருக்கிறாள். பிழை அவளுடையதன்று. நான் இரயில்வேயில் பார்சல் எழுத்தராக இருப்பவன். மூட்டை நல்ல மூட்டைதான். சீட்டு மாறிவிட்டால் உரியவர் காத்திருக்க, அது வேறொரு நிலையத்தில் கிடக்கும். என் மகளின் பாட்டுகளுக்கும் அதுவே நேர்ந்தது. சீட்டு எழுதக் கற்றுத்தர வேண்டியவன் நான். பதினோரு ஆண்டுகளாக 'அடுத்த கோடை விடுமுறையில் ஆகட்டும்' என்றே தள்ளி வந்தேன்.

மறுநாள் மைசூர் செல்லும் வண்டியில், என்னோடு நாள்தோறும் பயணம் செய்யும் கன்னட ஆசிரியர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் நகைத்துவிட்டு, "உங்கள் ழகரத்தை என்ன எழுத்தில் எழுதியிருந்தாள்?" என்று கேட்டார். எல்லாம் ளகரமாகவே இருந்தது. பழங்கன்னடத்தில் ழகரத்துக்கும் எழுத்து இருந்ததென்றும், கல்வெட்டுகளில் இன்றும் காணலாமென்றும், பின்னர் அது வழக்கொழிந்து, கோழி 'கோளி' என்றும், ஏழு 'ஏளு' என்றும் ஆயின என்றும் அவர் கூறினார். "எங்களிடம் போய்விட்டது, உங்களிடம் இருக்கிறது. குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார். அயல்மொழியார் ஒருவர் அன்போடு சொன்ன அச்சொல் எனக்கு நல்ல பாடமாயிற்று.

அன்றிரவே புது நோட்டு ஒன்று வாங்கினேன். உயிர் பன்னிரண்டு, மெய் வரிசை பத்து, ஆக இருபத்திரண்டு தலைப்புகள் இட்டோம். நாளுக்கு ஓர் எழுத்து. முதலில் அந்த எழுத்தை எழுதப் பழகுவது. பின்பு அதில் தொடங்கும் பாட்டுகளின் முதற்சொற்களை எழுதுவது. வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்களாதலால், அரிச்சுவடியைக் கண்டு அஞ்சும் பிள்ளையும் இதனைக் கண்டு அஞ்சுவதில்லை. பழைய நோட்டையும் எறிந்துவிடவில்லை. அதன் உழைப்பு வீணாகக் கூடாதல்லவா? அதைப் பார்த்தே புதியதை நிரப்புகிறாள். இதை எழுதும் நாளில் பகரம் வரை வந்திருக்கிறோம். ழகரம் இன்னும் வளைந்து கொடுக்கவில்லை; வால் ஒரு பக்கம் ஓடுகிறது. என் தமிழ்க் கையெழுத்தும் அலுவலகப் படிவங்களால் கெட்டுப்போயிருந்ததை இச்சாக்கில் கண்டுகொண்டேன்.

ஆகாரத்துப் பக்கம் எழுதிய இரவு, "ஆயா தம்பிக்குப் பாடினாங்களே, அந்தத் தாலாட்டைச் சேர்க்கலாமா? அது சினிமாப் பாட்டு இல்லையே" என்று கேட்டாள். சேலத்திலிருக்கும் என் அன்னையார் எழுத்தறியாதவர். அவர் பாட்டு எங்கும் எழுதப்பட்டதில்லை. "தாராளமாகச் சேர்க்கலாம்" என்றேன். நான்கு அடிகளையும் எழுத்துக்கூட்டி எழுதி முடிக்க அவளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. இரண்டு இடத்தில் பிழை இருந்தது, திருத்தாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த போட்டியில் அவள் வெல்வாளோ, அறியேன். சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: இனிவரும் போட்டிகளில் தமிழ் எழுத்தில் எழுதிய நோட்டோடு வரும் குழந்தைக்கு ஐந்து எண்ணிக்கை கூடுதலாகத் தரலாம். பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள்: 'ஞா' எழுத்தில் தொடங்கும் பாட்டு அறிந்தோர் எழுதியனுப்புங்கள். எங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பாட்டுத்தான் இருக்கிறது.