இலவசமாகக் கிடைப்பது குறடு

"இந்நாட்டில் வைத்தியம் இலவசம், பல்லைப் பேணாதவன் தன் அறியாமையினாலேயே பேணாதிருக்கிறான்" என்னும் கூற்றினை நமது விரிவுரை மண்டபங்களிலும் சிற்றுண்டிச்சாலையிலும் அடிக்கடி கேட்கிறோம். படித்தவர்க்கு இது மிக வசதியான கூற்று. அரசு தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது, எஞ்சியிருப்பது வெற்றிலைக் கறை படிந்த வாயினரின் குற்றமே என்று இதனால் மனம் அமைதி கொள்கின்றது. இக்கூற்று தவறு என்பதே எமது வாதம். அதனைத் தவறென நிறுவும் சான்றும் நமது மலைநாட்டிலேயே திரட்டப்பட்டது.

1970ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களிற் பணியாற்றிய 480 ஆண் தொழிலாளரின் வாயை ஆராயத் தொடங்கினர். அத்தொழிலாளர் தமிழர். முந்திய ஆண்டில் ஒஸ்லோ நகரின் மாணவரும் கல்விமான்களும் அடங்கிய குழுவொன்றில் இதே ஆய்வு ஆரம்பிக்கப்பட்டிருந்தது. இவ்விரு குழுவினரும் தெரிவுசெய்யப்பட்ட காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒஸ்லோவிற் சிறுபராயம் முதற்கொண்டே ஆண்டுதோறும் அழைத்துப் பரிசோதித்துச் சிகிச்சையளிக்கும் பொதுப் பற்சுகாதாரத் திட்டம் இருந்தது. தோட்டத்திலோ பற்தூரிகையும் இல்லை, பல் வைத்தியரும் இல்லை. பொதுச் சிகிச்சை நிறைவாக உள்ள இடத்திலும் அறவே இல்லாத இடத்திலும் பல்லுக்கு என்ன நேர்கிறது என அறிய விரும்பிய விஞ்ஞானம், இல்லாமையின் மாதிரியாக எம்மவரைத் தெரிந்துகொண்டது!

1986இல் வெளியான முடிவுகள் வருமாறு: தொழிலாளருள் நூற்றுக்கு 8 பேரளவில் முரசு நோய் மிக விரைவாகப் பரவிற்று; இவர்கள் நாற்பத்தைந்து வயதையொட்டிப் பற்களை ஏறத்தாழ முற்றாகவே இழந்தனர். 81 பேரளவில் நோய் மிதமாக வளர்ந்தது. ஏனைய 11 பேருக்கு யாதொரு சிகிச்சையுமின்றியே நோய் வளரவில்லை. பற்சொத்தையோ இவர்களிடம் இல்லையென்றே கூறலாம். 2010ஆம் ஆண்டில், அந்த 480 பேருள் 75 பேர் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். முரசு நோய் பற்றிய உலகப் பாடநூல்களில் எமது தோட்டத் தொழிலாளி இடம்பெற்றுவிட்டான். ஆய்வாளரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. நாற்பது ஆண்டுகளின் பின்னரும் அம்மனிதரை அவர்கள் தேடி வந்தனர். சுகாதார சேவை அவ்வாறு தேடிச் சென்றதா என்பதே எமது வினா.

நெடுங்காலமாகத் தோட்டச் சுகாதாரம் தேசிய சுகாதார சேவைக்குப் புறம்பாகத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களிலேயே. இன்று நகர அரசாங்க வைத்தியசாலையிற் பற்சிகிச்சை நிலையம் உண்டு; அங்கு கட்டணமில்லை. ஆயின் அங்கு செல்வோருக்கு அன்றைய 'பேர்' இல்லை. தோட்டத்து வாழ்வை அறியாதோருக்குக் கூறுகிறேன்: பேர் என்பது செக்றோலிற் பதியப்படும் ஒரு நாள் வேலை. அது போனால் அன்றைய சம்பளமும் போம். பஸ் கட்டணம் வேறு. சொத்தைப் பல்லைக் காப்பாற்ற வேர்ச் சிகிச்சை செய்வதாயின் பல தடவை வரவேண்டும். பிடுங்குவதாயின் ஒரே தடவை போதும். எனவே வலி தாங்க முடியாத நாள்வரை பொறுத்திருந்து, வந்து, "பிடுங்கிவிடுங்கள் ஐயா" என்கிறாள் கொழுந்து பறிப்பவள். இதில் அறியாமை எங்கே இருக்கிறது? கணக்குத் தெரிந்தவள் செய்யும் காரியமே இது. வன்னியிற் கூலிவேலை செய்பவனுக்கும் ஊவாவின் சிங்கள விவசாயிக்கும் கணக்கு ஒன்றே.

அறியாமைதான் காரணமெனின், அறிந்தவர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர்? பேராதனையில் எமது வளவிலேயே பல் மருத்துவ பீடம் உண்டு. அதன் போதனா வைத்தியசாலையும் உண்டு. ஆயினும் வலியெடுக்காமல் அங்கு சென்ற கலைப்பீட மாணவர் ஒருவரையேனும் யான் கண்டதில்லை. (யானும் சென்றதில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.)

பிடுங்கிய பல்லோடு கதை முடிந்துவிடுமெனின் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. நீரிழிவு முரசு நோயை மோசமாக்குகின்றது. முரசு நோய் நீரிழிவைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகின்றது. இலங்கை ஆண்களிடையே முதன்மை பெற்றிருப்பது வாய்ப் புற்றுநோய். பாக்குத் தனித்தும் புற்றுநோயை விளைவிக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவராண்மை 2004இல் வெளியிட்டது. புகையிலையோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது. குளிரையும் பசியையும் தாங்க வெற்றிலை போடுபவரை நோக்கிப் பிரசங்கம் செய்வது எளிது. ஆனால் இந்நோய் பெரும்பாலும் முன்னறிவித்தே வருகின்றது. கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலம் தோன்றும். வாய் வரவரத் திறக்க மறுக்கும். ஒரு கண்ணாடியும் வெளிச்சமும் பழகிய கண்ணும் இருந்தால் சில நிமிடங்களில் அதனைக் கண்டுகொள்ளலாம். பல் பிடுங்க மட்டும் வருபவர், வலியில்லாத வெண்படலத்தைக் காட்ட எதற்காக ஒரு பேரை இழந்து வருவார்?

நம்மிடம் ஒன்றுமே இல்லையென்று கூறுவதும் பொய். 1950களிலிருந்து மஹரகமையிற் பயிற்றப்பட்டுவரும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் செய்துள்ள பணி சிறிதன்று. அவர்கள் பிள்ளை இருக்கும் இடத்திற்கே செல்கின்றனர். வலி வருமுன்னரே பார்க்கின்றனர். நிரப்ப வேண்டியதை நிரப்புகின்றனர். கர்ப்பிணித் தாய்மாரைப் பற்சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பும் ஒழுங்கும் உண்டு. இவ்விரு சேவைகளையும் எமது குடும்பங்கள் தவறாது பயன்படுத்த வேண்டும். ஆனால் பாடசாலையை விட்டுக் கொழுந்துக் கூடையை எடுத்த அன்றே அப்பிள்ளை இத்திட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

2021இல் உலக சுகாதார மகாசபை வாய்ச் சுகாதாரம் பற்றித் தீர்மானமொன்றை நிறைவேற்றியது. பிடுங்குதல், நிரப்புதல் என்னும் மரபிலிருந்து தடுப்பு முறைக்கு மாறும்படி அது கூறுகின்றது. அதனை முன்மொழிந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஜெனீவாவில் முன்மொழிந்ததை மஸ்கெலியாவில் நிறைவேற்றும்படி கேட்பது பேராசையாகாது. பாடசாலைக்குச் சென்ற பற்சிகிச்சை மலைக்கும் செல்லட்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் வாய்ப் பரிசோதனை நடக்கட்டும். மேற்சிகிச்சைக்குத் துண்டு பெற்றவர் நகருக்குச் செல்லும் நாளில் அவரது பேர் வெட்டப்படாதிருக்கட்டும். இம்மூன்றாவது கோரிக்கையைத் தோட்டக் கம்பனிகள் எதிர்க்கும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதனை ஒருமுறையேனும் எழுப்பட்டும்; அதன் பின்னர் அறியாமையைப் பற்றிப் பேசுவோம்.