கோப்பைப் பார்த்தால் போதுமா?

கொத்தனாரிடம் வேலை பழகும் பையன் கட்டுகிற சுவரைப் பெரியவர் ஒருவர் கவனித்துக்கொண்டே இருப்பார். கோணல் தெரிந்தால் அப்போதே இடித்துக் கட்டச் சொல்வார். மனிதர்களின் உடைந்த வாழ்க்கையைக் கையாள வரும் இளம் சமூகப் பணியாளருக்கோ அப்படி ஒரு பெரியவர் பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

தாராவியில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் செல்லும் இருபத்து மூன்று வயதுப் பணியாளர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். உறவினர் ஒருவரின் தொல்லையைச் சொல்லி அழும் பதினான்கு வயதுச் சிறுமி, "யார்கிட்டேயும் சொல்லிடாதீங்க அக்கா" என்கிறாள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். ஆனால், அதை அந்தச் சிறுமியிடம் எப்படிச் சொல்வது? அன்றிரவு அவள் எங்கே படுப்பாள்? வீடு திரும்பிய பின் தூக்கம் வராத பணியாளர் தம் கலக்கத்தை யாரிடம் கொட்டுவார்? சட்டப் புத்தகத்தில் இவற்றுக்கு விடை இல்லை.

இந்தத் தொழிலுக்கு இந்தியாவில் தாய்வீடு மும்பை. இன்றைய டாட்டா சமூக அறிவியல் கழகம் 1936-இல் இங்கேதான் தொடங்கியது. ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 1946-இல் மருத்துவச் சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். குழந்தைகளுக்கான 1098 தொலைபேசிச் சேவை 1996-இல் பிறந்ததும் இந்நகரில்தான். வழிகாட்ட வேண்டிய நகரம் இது.

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும்போது களப்பணியும், அதையொட்டி ஆசிரியருடன் தனி உரையாடலும் உண்டு. "அவள் அழுதபோது ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று அங்கே கேட்பார்கள். பட்டம் பெற்று வேலையில் சேர்ந்ததும் கேள்வி மாறிவிடுகிறது: "இந்த மாதம் எத்தனை வீடு பார்த்தாய்? அறிக்கை எங்கே?" இரண்டு மூன்று குடும்பங்களைக் கவனித்தபோது கிடைத்த துணை, நாற்பது குடும்பங்கள் தோளில் ஏறும்போது இல்லாமல் போகிறது.

மேற்பார்வைக்கு நிர்வாகம், கற்பித்தல், மனத்துணை என மூன்று கடமைகள் உண்டு என்று அமெரிக்கப் பேராசிரியர் ஆல்பிரட் கடுஷின் 1976-இல் எழுதினார். முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிடுவது மேற்பார்வை ஆகாது. அது கோப்புச் சோதனை.

"பணமும் ஆளும் எங்கே?" என்று நிறுவனங்கள் கேட்பது நியாயமே. ஆனால், மனம் சோர்ந்த பணியாளர் ஓராண்டில் விலகினால், புதியவரைப் பழக்கும் செலவு யார் தலையில்? அந்தச் சிறுமி தன் துயரத்தை முதலிலிருந்து இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்குமே, அதற்கு யார் ஈடு தருவது?

மனநலச் சமூகப் பணியாளருக்கு மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி தேவை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. அதே அக்கறை வேலைக்குச் சேர்ந்த பின்னும் தொடர வேண்டும். எல்லாப் பிரிவினருக்கும் வேண்டும். முதல் இரண்டாண்டுகள் வாரத்துக்கு ஒரு மணி நேரம், வேலை நேரத்திலேயே, அனுபவசாலி ஒருவருடன் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்தல் அவசியம். அவர் சம்பள உயர்வைத் தீர்மானிப்பவராக இல்லாதிருந்தால்தான் இளையவர் தம் தவற்றை மறைக்காமல் சொல்வார். சிறு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். நன்கொடையாளர்களும் இதை வீண்செலவாக எண்ணாமல் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும்.

பிறர் துயரைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர் சொல்வதைக் கேட்கவும் ஒருவர் வேண்டும்.